துண்டில் எழுதப்படாத மருந்து

ஹப்புத்தளைக்கு மேலே டம்பேத்தன்னைப் பக்கம் மார்கழி மாதத்து விடியலில் பிரட்டுக்குப் போகும் பெண்கள் தலையில் கம்பளித் துணியும் இடுப்பில் படங்குமாக நடப்பார்கள். பேசினால் வாயிலிருந்து புகை வரும். அந்தக் குளிரில் 48, 50 வயதுள்ள ஒருத்திக்கு நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் குப்பென்று சூடு ஏறுகிறது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. சில நிமிடங்களில் அது அடங்கியதும், நனைந்த சட்டையோடு நின்று நடுங்குகிறாள். இரவிலும் இதே கதைதான். லயத்துக் காம்பராவில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அடுத்தடுத்துப் படுத்திருக்க, இவள் மட்டும் எழுந்து உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறாள். தூங்காத கண்ணோடு மலைக்குப் போகிறாள். கொழுந்து நிறுவையில் குறைகிறது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷர் பார்ப்பார்கள். பனடோலும் விட்டமினும் கிடைக்கும். “வயசு போனா இப்படித்தான் அம்மா” என்ற ஆறுதலும் கிடைக்கும். மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளுக்கென்றே ஒரு மருந்து இருக்கிறது, அது 80 ஆண்டுகளுக்கு மேலாக உலகில் புழக்கத்தில் இருக்கிறது என்ற செய்தி மட்டும் அவள் காதுக்கு வருவதில்லை. அதைக் கேட்டுப் பெறுவது எப்படி, கேட்டால் வைத்தியர் ஏன் தயங்குகிறார், அந்தத் தயக்கத்தில் எவ்வளவு நியாயம் என்பதை ஊவாவின் தோட்டத்துப் பெண்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் அந்த வேர்வை. உடலின் உட்சூட்டைக் கவனித்துக்கொள்வது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலமஸ். உட்சூடு கூடினால் அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து வேர்க்க வைக்கும். குறைந்தால் நடுங்க வைக்கும். இரண்டுக்கும் நடுவே, ஒன்றும் செய்யாமல் பொறுத்துக்கொள்ளும் ஓர் இடைவெளி உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ரொபர்ட் ஃப்ரீட்மன் 1990களின் கடைசியில் அந்த இடைவெளியை அளந்து பார்த்தார். சூடேற்றம் இல்லாத பெண்களிடம் அது ஏறத்தாழ 0.4 பாகை செல்சியஸாக இருந்தது. சூடேற்றம் உள்ள பெண்களிடம் ஏறத்தாழப் பூச்சியமாக இருந்தது. சூலகங்கள் ஈஸ்ட்ரஜன் சுரப்பதைக் குறைத்ததும், அதுவரை அடங்கியிருந்த ஒரு நரம்புக் கலக் கூட்டம் நியூரோகைனின் பி என்ற இரசாயனத்தின் வழியே ஓயாமல் தூண்டப்படுகிறது. சூட்டைக் காக்கும் நடுவத்தின் பொறுமை அதனால் போய்விடுகிறது.

எனவே ஹப்புத்தளையின் குளிர் அவளை முழுதாகக் காப்பாற்றாது. குளிர் தோலில் படுகிறது. ஹைப்போதலமஸ் முக்கியமாகப் பார்ப்பது உள்ளே ஓடும் இரத்தத்தின் சூட்டை. கொழுந்துச் சுமையோடு ஒரு மேடு ஏறினால் தசை உழைப்பில் உட்சூடு இம்மியளவு ஏறும். இடைவெளி இல்லாதவளுக்கு அந்த இம்மி போதும்.

“ஒரு வருஷத்தில் போய்விடும்” என்று சொல்வதும் பெரும்பாலும் சரியில்லை. அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வு 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, அடிக்கடி சூடேற்றம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. மாதவிடாய் முற்றாக நிற்கும் முன்பே தொடங்கியவர்களுக்கு இன்னும் நீளம். தினமும் மலையேறி இறங்கும் ஒருத்தியிடம் ஏழு ஆண்டுகள் தூக்கமில்லாமல் பொறுத்துக்கொள் என்று சொல்வது சின்ன விடயமல்ல.

இலங்கைப் பெண்களிடம் இன்னொரு கோலமும் தெரிகிறது. 45 முதல் 60 வயது வரையான பெண்களைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வொன்றில், முக்கால்வாசிப் பேர் மூட்டுவலியையும் தசைவலியையும் சொன்னார்கள்; ஐந்தில் இருவர் சூடேற்றத்தைச் சொன்னார்கள். தோட்டத்தில் மூட்டுவலி என்றால் எல்லோரும் வேலையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். பாதி உண்மைதான். ஆனால் மாதவிடாய் தடுமாறத் தொடங்கிய அதே ஆண்டில் வலியும் தொடங்கியிருந்தால், அந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வைத்தியருக்கு முழுப்படம் கிடைக்கும். ஹோர்மோன் மருந்து மூட்டுவலியைச் சற்றுத்தான் குறைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது நன்றாக வேலை செய்யும் இடம் சூடேற்றமும் இரவு வேர்வையும். அவற்றுக்கு அதைவிட நல்ல மருந்து இன்னும் வரவில்லை.

பிறகு ஏன் தயக்கம்? அந்தக் கதை நீளமானது. அமெரிக்காவில் 1942இல் பிரெமரின் என்ற மாத்திரை வந்தது. சினையாக இருக்கும் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரஜன் அது. 1960களில் என்றும் இளமை தரும் மருந்து என்று அதை விளம்பரப்படுத்தினார்கள். 1975இல் கசப்பான உண்மை வெளிவந்தது. கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரஜனை மட்டும் கொடுத்தால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பலமடங்கு கூடுகிறது. அன்று முதல், கருப்பை இருந்தால் புரொஜெஸ்டரோன் வகை மருந்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது மாறாத விதி. கருப்பையை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் மட்டும் போதும்.

2002 ஜூலையில் அடுத்த அடி விழுந்தது. அமெரிக்க அரசு நடத்திய ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெரிய பரிசோதனையில், கருப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரஜனும் மெட்ரொக்சிப்புரொஜெஸ்டரோனும் சேர்ந்த மாத்திரையையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். மார்பகப் புற்றுநோயும் இரத்தக்கட்டியும் பக்கவாதமும் கூடுகின்றன என்று பரிசோதனையை இடையில் நிறுத்தினார்கள். செய்தி உலகெங்கும் பரவியது. மருந்துத் துண்டு எழுதும் கைகள் நின்றன. அப்போது படித்துக்கொண்டிருந்த வைத்தியர்கள் இன்று மூத்த வைத்தியர்கள். அவர்களிடம் படித்தவர்கள்தான் இன்று கிளினிக்கில் இருக்கிறார்கள்.

அந்த எண்களைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 10,000 பெண்கள் ஓராண்டு வெற்று மாத்திரை எடுத்தால் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹோர்மோன் மாத்திரை எடுத்தால் 38 பேருக்கு வந்தது. அதாவது 10,000 பேரில் எட்டுப் பேர் அதிகம். இரத்தக்கட்டி 16 பேருக்குப் பதில் 34 பேருக்கு. இடுப்பெலும்பு முறிவோ 15இலிருந்து 10 ஆகக் குறைந்தது. எட்டுப் பேர் என்பது எட்டுக் குடும்பங்கள். அதை யாரும் இல்லையென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த மாத்திரையை எடுத்த பெண்களின் சராசரி வயது 63. பெரும்பாலானவர்களுக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுக்கு மேல். 50 வயதில் இரவில் வேர்த்து விழிக்கிறவளின் கேள்விக்கு அந்தப் பரிசோதனை நேராகப் பதில் சொல்லவில்லை. கருப்பையை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் மட்டும் கொடுத்த பக்கத்துப் பரிசோதனையில் மார்பகப் புற்றுநோய் கூடவுமில்லை. இரண்டு பரிசோதனைகளிலும் இருந்த 27,347 பெண்களை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017இல் கணக்குப் பார்த்தபோது, ஹோர்மோன் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இறந்திருந்தார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2002இல் உலகை அச்சுறுத்திய மாத்திரையில் ஈஸ்ட்ரஜனோடு இருந்த மெட்ரொக்சிப்புரொஜெஸ்டரோன், தோட்டத்துப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த மருந்து. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் டெப்போ ஊசியில் இருப்பது அதுதான். ஓர் ஊசியில் 150 மில்லிகிராம். இருபது வயதிலிருந்து அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் நம் லயங்களில் எத்தனையோ பேர். பிள்ளை பெறாமல் இருக்க வேண்டிய ஹோர்மோன் தோட்டத்துக் கிளினிக்குக்கே வந்து சேர்ந்தது. இரவில் தூங்குவதற்கு வேண்டிய ஹோர்மோனை, அவளே அதன் பெயரைத் தெரிந்துகொண்டு பதுளைக்குப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. அவளுடைய கருவறையைப் பற்றி இருந்த அக்கறை அவளுடைய உறக்கத்தைப் பற்றி இருக்கவில்லை என்றே இதை நான் படிக்கிறேன்.

2002க்குப் பிறகு அறிவு நகர்ந்திருக்கிறது. விழுங்கும் ஈஸ்ட்ரஜன் குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போகிறது. அங்கே அது இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டையோ பூசும் ஜெல்லோ ஈரலைச் சுற்றிக்கொண்டு இரத்தத்தில் கலக்கிறது. பிரான்சில் நடந்த எஸ்தர் ஆய்வு, மாத்திரை எடுத்தவர்களிடம் இரத்தக்கட்டி கூடியதையும் தோல்வழி எடுத்தவர்களிடம் கூடாததையும் காட்டியது. பட்டையிலும் ஜெல்லிலும் இருப்பது எஸ்ட்ரடையோல். சூலகம் சுரந்த அதே மூலக்கூறு. அதோடு சேர்த்து நுண்துகளாக்கிய புரொஜெஸ்டரோனைக் கொடுத்தால் மார்பகத்துக்கு வரும் ஆபத்தும் பழைய கூட்டு மாத்திரையைவிடக் குறைவு என்பதைப் பிரான்சின் இன்னொரு நெடுநாள் ஆய்வு காட்டுகிறது. இன்று உலகின் மாதவிடாய் நிறுத்தச் சங்கங்கள் ஒத்துக்கொள்வது இதுதான்: 60 வயதுக்குட்பட்டு, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் இருந்து, தொல்லை தரும் அறிகுறிகள் உள்ள, கொடுக்கக்கூடாத காரணம் எதுவும் இல்லாத பெண்ணுக்கு நன்மையே பெரிது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் இம்மருந்துகளின் உறையில் இருந்த இதயநோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய கட்டம் கட்டிய எச்சரிக்கைகளை நீக்குவதாக அறிவித்தது.

சரி, பதுளைக்கு வருவோம். பசறையிலோ மடுல்சீமையிலோ லுணுகலையிலோ இருக்கிறவளுக்கு முதல் படி சுவநாரி கிளினிக். 1996இல் நாடு முழுவதும் தொடங்கிய இந்தச் சேவை எம்.ஓ.எச். பணிமனையின் கீழ் இயங்குகிறது. பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் காசில்லாமல் பார்ப்பார்கள். ஹோர்மோன் தொடங்குவதற்கு முன் ஒரு வைத்தியர் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். கிளினிக் நடக்கும் நாளைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம், நம் ஆட்கள் மிட்வைஃப் அம்மா என்று கூப்பிடுகிறவரிடம், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்கே எழுதிய கொப்பியையும் கடிதத்தையும் கொண்டு பதுளை பெரியாஸ்பத்திரியின் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போனால், வீ.ஓ.ஜி. என்று சொல்லும் பெண்நோயியல் டொக்டர் முன்னால் வெறுங்கையோடு உட்கார வேண்டியதில்லை. ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகிறது, பஸ் காசும் போகிறது. அதனால்தான் முதல் பயணத்திலேயே வேண்டியதெல்லாம் கையில் இருக்க வேண்டும்.

கையில் என்ன இருக்க வேண்டும்? கடைசித் தீட்டு வந்த மாதம். கருப்பை இருக்கிறதா, எடுத்தாயிற்றா. எடுத்திருந்தால் சூலகமும் போயிற்றா. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பல பெண்களுக்கு விடை தெரியாது. ஒபரேஷன் முடிந்து கொடுத்த டயக்னோசிஸ் கார்டில்தான் அது இருக்கும். ட்ரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தக் கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு போவது ஆயிரம் வார்த்தை பேசுவதைவிட மேல். இரண்டு சூலகங்களையும் 45 வயதுக்கு முன்பே இழந்தவளுக்கு ஹோர்மோன் வெறும் சுகத்துக்கான மருந்தல்ல. எலும்பையும் இதயத்தையும் காக்க, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது அது வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டல். தடை எதுவும் இல்லாவிட்டால் அவளுக்கு அதை மறுக்கக் காரணமில்லை.

பேச்சு எப்படி இருக்கலாம்? “டொக்டர், எனக்கு தீட்டு நின்னு ஒன்றரை வருஷமாச்சு. கர்ப்பப்பை இருக்கு. ராத்திரிக்கு மூணு நாலு தரம் வேர்த்து முழிச்சிடுறேன். பகல்ல மலையில நிக்க முடியல, கொழுந்து கொறையுது. எனக்கு ஹோர்மோன் மருந்து குடுக்கக்கூடாத காரணம் ஏதாச்சும் இருக்கா?”

அந்தக் கடைசி வரிதான் சாவி. ‘தருவீங்களா’ என்று கேட்டால் ‘வேண்டாம் அம்மா’ என்பதோடு முடிந்துவிடும். காரணம் இருக்கிறதா என்று கேட்டால் வைத்தியர் காரணத்தைத் தேட வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர், காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்தவர், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர், ஈரல் நோய் உள்ளவர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர் ஆகியோருக்கு இந்த மருந்து கூடாது. இவை உண்மையான காரணங்கள். அப்படிச் சொன்னால் வற்புறுத்தக் கூடாது. “பிரஷர் இருக்கு, சீனி இருக்கு” என்பது தன்னளவில் தடையல்ல. பிரஷர் மருந்தால் கட்டுக்குள் இருந்தால் கொடுக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் தோலில் ஒட்டும் பட்டை இன்னும் பொருத்தம். “கென்சர் வரும்” என்று சொன்னால், “என் வயசுக்கு எத்தனை பேருக்கு வரும் டொக்டர்?” என்று மரியாதையோடு கேட்கலாம். டொக்டருக்குச் சிங்களம்தான் சரளம் என்றால், பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்த மகளையோ மருமகளையோ கூட்டிப்போவது நல்லது. மகனைக் கூட்டிப் போனால் பாதி விடயம் வாய்க்கு வராது.

வாய்க்கு வராத விடயம் ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்ரஜன் குறைந்தால் பெண்ணுறுப்பின் தோலும் சிறுநீர்ப் பாதையின் தோலும் மெலிந்து வறண்டு போகின்றன. எரிச்சல், உறவில் வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று. ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று வெந்தயத் தண்ணீர் குடித்துச் சமாளிப்பார்கள். பல மலைகளில் கழிப்பறை கிடையாது. காலையிலிருந்து பெண்கள் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள், அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். தொற்றுக்கு இது போதாதா? சூடேற்றம் ஆண்டுகள் போகப் போகத் தணியும். இந்த வறட்சி மருந்தில்லாமல் தணிவதில்லை, கூடிக்கொண்டே போகும். இதற்கு உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன் கிரீமோ சிறு மாத்திரையோ போதும். இரத்தத்தில் அது மிகச் சிறிதளவே கலக்கிறது, கூடவே புரொஜெஸ்டரோன் தேவையில்லை, 60 வயதைத் தாண்டியவர்களும் தொடங்கலாம். வாசலில் தயங்கித் திரும்பிவிடும் பெண்கள் இதையாவது கேட்டு வாங்க வேண்டும் என்பது என் ஆசை. வேலைத்தளத்தில் கழிப்பறை கட்டித் தர வேண்டியது நிர்வாகத்தின் வேலை. அதை எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாது.

விரும்பிய மருந்தே கிடைக்குமா என்பது வேறு கேள்வி. பட்டையும் ஜெல்லும் இறக்குமதிச் சரக்கு. 2022 நெருக்கடியில் சாதாரண மருந்துகளே தட்டுப்பட்ட நாடு இது. அரசாங்க ஆஸ்பத்திரி அலுமாரியில் பட்டை இருக்கும் என்று எண்ணிப் போக முடியாது. வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதினால், பதுளை நகரத்துப் பாமசிகளிலும் அரச மருந்துக் கடையான ஒசுசலவிலும் விசாரிக்க வேண்டிவரும். அப்போது உதவுவது ஊவாவின் பிபிலை என்ற ஊரைத் தன் பெயரிலேயே சுமந்த பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய வழி. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். கம்பனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பொதுப்பெயரால் எழுதுங்கள், வாங்குங்கள், விலை குறையும் என்று அவர் வாதாடினார். எனவே துண்டில் ‘எஸ்ட்ரடையோல்’ என்ற பொதுப்பெயரையும் அளவையும் எழுதித் தரும்படி கேளுங்கள். ஒரு கம்பனியின் பெயரைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக அலையத் தேவையில்லை. பட்டை கிடைக்காவிட்டாலோ கட்டுப்படியாகாவிட்டாலோ எஸ்ட்ரடையோல் மாத்திரை இருக்கிறது. இரத்தக்கட்டி வரும் சூழ்நிலை இல்லாத 50 வயதுப் பெண்ணுக்கு அதுவும் நல்ல மருந்தே. மாதாமாதம் வாங்க முடியாத உயர்ந்த மருந்தைவிட, தடையில்லாமல் கிடைக்கும் சாதாரண மருந்து மேல் என்பது என் கருத்து.

ஹோர்மோன் கூடாதவர்களைக் கைவிட வேண்டியதில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் குறைந்த அளவில் சூடேற்றத்தைத் தணிக்கின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் கபபென்ரின் இரவு வேர்வைக்கு உதவுகிறது. முன்பு சொன்ன நியூரோகைனின் பி வழியையே அடைக்கும் ஃபெசொலினெற்றன்ட் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது மலைநாட்டுக்கு வந்து சேர நாளாகும்.

பக்கத்து லயத்து அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது. அவளுக்குக் கருப்பை இல்லை, உங்களுக்கு இருக்கிறது என்றால், அவளுக்கு நல்லதாக இருக்கும் அதே ஈஸ்ட்ரஜன் உங்கள் கருப்பை உட்சுவரைத் தடிக்க வைக்கும்.

மருந்து தொடங்கினால் சில கிழமைகளிலேயே வேர்வை குறையத் தொடங்கும். முழுப் பலனையும் மூன்று மாதத்தில் மதிப்பிட வேண்டும். அந்த மூன்றாம் மாதக் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது, அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று அப்போதுதான் முடிவாகும். முதல் மாதங்களில் சிறிது இரத்தக்கறை படுவது பரவாயில்லை. ஆறு மாதம் கழிந்தும் படுகிறதென்றால், அல்லது நின்றுபோனது திரும்ப வந்தால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் போய்க் காட்ட வேண்டும். பிறகு ஆண்டுக்கொரு தடவை பிரஷரும் மார்பகமும் பார்த்து, தொடர்வதா என்று வைத்தியரோடு பேசினால் போதும். ஐந்து ஆண்டானதும் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.